ஒரு மணிக்குப் பொழுது சாயும் ஊர்

ட்ரோம்சோ, நார்வே
2.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நித்யா எழுதுவது. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள், அதனால்தான் மெயில். நானும் அவரும் நலம். குளிரைப் பற்றி உன்னிடம் சொல்லிப் பயனில்லை, நீ வாலாஜாபாத் ரைஸ் மில்லில் வெந்துகொண்டிருப்பாய்.

இங்கே போன வாரத்தோடு சூரியன் நின்றுவிட்டது. ஜனவரி நடுவில்தான் திரும்ப வருமாம். பகலில் நீலமாக ஒரு வெளிச்சம், இரண்டு மணி வாக்கில் அதுவும் போய்விடும். சமண வீட்டில் பிறந்து, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டே வளர்ந்த நமக்கு இது எவ்வளவு பெரிய சிக்கல், பார். "அப்ப ஜனவரி வரைக்கும் உபவாசமா?" என்று அவர் சிரிக்கிறார்.

சாப்பாடு கிடக்கட்டும். என்னால் வரைய முடியவில்லை அண்ணா. இங்கே வந்து பத்து மாதமாகிறது. நம் ஊர் மஞ்சளையும் அரக்கையும் எடுத்துப் பூசினால் இங்கே பொய்யாகத் தெரிகிறது. ஓவியக் கடைக்காரர் ஒருவர் கோபுரம், யானை வரைந்தால் விற்றுத் தருகிறேன் என்றார். ஒன்று வரைந்தேன். போட்டோ இணைத்திருக்கிறேன், மறைக்காமல் சொல். நீயும் உதட்டைப் பிதுக்கினால் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு ஏதாவது வேலைக்குப் போகிறேன்.

அன்புத் தங்கை,
நித்யா

திருப்பருத்திக்குன்றம்
5.12.2024

அன்புள்ள நித்யாவுக்கு,

மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் மில் காலண்டரே இதைவிடத் தேவலை. யானைக்கு நம் பெரியப்பா முகம். நம் கோயில் கூரைச் சித்திரங்களை அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொண்டவள் நீ, அந்தக் கழுத்துக்கு இதுவா கூலி? ஆனால் பிரஷ்ஷைக் கழுவுகிற பேச்சை எடுக்காதே, எனக்குக் கெட்ட கோபம் வரும்.

சாப்பாட்டுக்கு அம்மா வழி சொல்லிவிட்டார்கள். "அங்க சூரியன் இல்லாட்டி இன்னாபா? நம்ம சூரியனைப் பாத்துக்கினு சாப்டச் சொல்லு. நாம தட்டு போடறப்ப அவளும் போடட்டும்." நாங்கள் ஐந்தரைக்கு உட்கார்கிறோம். அங்கே மணி ஒன்று.

அண்ணன்,
ஜினேஷ்

ட்ரோம்சோ
11.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

காலண்டர் என்றாயே, இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். அப்புறம் அந்த யானையைக் கிழித்துப் போட்டேன்.

அம்மா சொன்னபடி ஒரு மணிக்குச் சாப்பிடுகிறோம். அந்த நேரத்தில் சமையலறை முழுக்க நீலம். தட்டு, சுவர், அவர் கை, சாம்பார்கூட நீலம்தான். தினமும் பார்த்துப் பார்த்து அதையே வரைந்துவிட்டேன். இரண்டு தட்டு, ஜன்னல், கரண்டியோடு நிற்கும் நான். மஞ்சள் ஒரு துளி இல்லை.

பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எந்த ஊர் என்று சொல்லாமல் அம்மாவிடம் காட்டு. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. இது இன்னும் என் கைதானா என்று எனக்கே தெரியவில்லை. இல்லை என்று நீங்கள் சொன்னால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நித்யா

திருப்பருத்திக்குன்றம்
3.2.2025

அன்புள்ள நித்யாவுக்கு,

காலையில் பார்சல் வந்தது. வெயில் சுள்ளென்று அடிக்கிற பத்து மணிக்குப் பிரித்தோம். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்கள். நீ கேட்டபடி எந்த ஊர் என்று நான் சொல்லவில்லை.

"பொழுது சாயுது, இவ இன்னும் உக்காராம கரண்டியைப் புடிச்சிக்கினு நிக்கிறாளே," என்றார்கள். "நம்ம சமையக்கட்டுதானே இது? ஜன்னலைத்தான் மாத்திட்டா."

அது உன் வீடு, மணி ஒன்று என்று சொன்னேன். நம்பவில்லை. "பொய் சொல்லாதபா. நான் தெனம் பாக்கற வெளிச்சம் எனக்குத் தெரியாதா?" என்கிறார்கள்.

மில்லுக்கு நேரமாகியும் நான் அதன் முன்னாலேயே நின்றேன். இத்தனை வருடம் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், அது நீலம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. உன் கைதான் நித்யா. வேறு யார் கையும் இல்லை.

அதைச் சமையலறையில் மாட்ட வேண்டுமாம். எண்ணெய்ப் புகை பிடிக்கும் என்றால் காதில் வாங்கவில்லை. உனக்கு ஒரு சேதியும் உண்டு: "வெளிச்சம் போறதுக்குள்ள அவளை உக்காந்து சாப்டச் சொல்லு."

ஜினேஷ்

ட்ரோம்சோ
4.2.2025

அண்ணா,

உன் மெயிலைப் படித்து நன்றாக அழுதேன். அப்புறம் நல்ல பசி.

இங்கே சூரியன் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் தட்டு ஒரு மணிக்குத்தான். கடைக்காரரிடம் யானை வராது என்று சொல்லியாயிற்று. அடுத்த படத்தை ஆரம்பித்துவிட்டேன்.

சமையலறையிலேயே மாட்டு. புகை பிடித்தால் பிடிக்கட்டும், வேறு வரைந்து அனுப்புகிறேன். நான் உட்கார்ந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்.

நித்யா