சொல்லாத பெயர்

ஷகீபாவின் அம்மாவுக்கு,

மெல்போர்ன் நீதிமன்றத்தில் இன்று நாம் ஜெயித்தோம். கடவுளுக்கும் அந்த நீதிபதி அம்மாவுக்கும் நன்றி.

உன் அண்ணனைக் கொன்றவர்கள் என்னையும் தேடுவதாகச் சொல்லித்தானே அடைக்கலம் கேட்டேன். விசாரணையில் அதிகாரிகள் மனைவியின் பெயரைக் கேட்டார்கள். அந்நிய ஆண்கள் முன்னால் மனைவி பெயரைச் சொல்வது நம் ஊரில் மானக்கேடு ஆயிற்றே, எப்படிச் சொல்வேன்? தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். மனைவியே இல்லாதவனுக்கு மைத்துனன் ஏது என்று மறுத்துவிட்டார்கள்.

இன்று மொழிபெயர்ப்பாளர் என் காதில் சொன்னார்: "ஏன் சொல்லலைன்னு உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், கேக்காதது தப்புங்கிறாங்க நீதிபதி."

விசா இன்னும் வரவில்லை. மறுபடி விசாரிப்பார்கள்.

"இந்தத் தடவையாவது வாயைத் திறங்கண்ணே. அண்ணி கோவிச்சுக்க மாட்டாங்க" என்று சிரித்தார் அந்த மொழிபெயர்ப்பாளர், நம் காபூல்காரர்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பழகுகிறேன். எவ்வளவு அழகான பெயர் உனக்கு.

ஷகீபாவின் அப்பா