ஏலக்காய் போட்ட பால்

சுன்னாகச் சந்தைக்கு வெங்காயத்தோடு புறப்பட்ட பஞ்சலிங்கம், சைக்கிளைச் சாத்திவிட்டுத் திரும்பவும் குசினி அடுப்படிக்கு வந்தான். ஆறு மாதக் கர்ப்பிணியான மனைவி மீனாம்பிகை அறைக்குள் நித்திரையாயிருந்தாள். நேற்று, பால் மணம் குமட்டுகிறதென்று அவள் பால் பேணியைத் தள்ளியபோது, "உமக்குப் பிள்ளையிலை அக்கறையில்லை" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான், போன வருடம் வயிற்றிலேயே கலைந்த பிள்ளையின் நினைவு வந்தது. அதற்குள் அவள் போய்ப் படுத்துவிட்டாள்.

கலண்டர் தாளொன்றைக் கிழித்து எழுதினான்.

"மீனா, பால் காய்ச்சி மூடி வைச்சிருக்கிறன். ஏலக்காயும் துளி சுக்கும் தட்டிப் போட்டனான், மணம் தெரியாது. ஆறவிட்டுக் குடியும். சீனி இல்லை, பனங்கட்டியைக் கடிச்சுக்கொள்ளும். ஆமி ஹெலிச் சத்தம் கேட்டால் எல்லாத்தையும் விட்டிட்டு பங்கர் குழிக்குள்ளை போய் இரும். குடிக்க ஏலாட்டிப் பாலை அப்பிடியே வைச்சுவிடும். நான் வந்து வாழைப்பழத்தோடை அடிச்சுத் தாறன்."

வாசல்வரை போனவன் திரும்பி வந்து, அடியில் இடுக்கி எழுதினான்: "நேற்றுச் சொன்னது பிழை. பயத்திலை சொன்னனான்."

பத்து மணிக்குத் திரும்பியபோது பேணியில் பாதிப் பால் இருந்தது. தாளின் பின்பக்கத்தில் அவள் எழுத்து:

"பாதி குடிச்சிட்டன். எனக்கும் பயந்தான். மிச்சத்தை நீங்கள் குடியுங்கோ."