நீங்கள் எழுதிய என் கதை

அக்கா,

பழனி பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் கொடைக்கானல் பிளம்ஸைக் குவித்து வைத்திருந்தார். வெயிலில் லேசாகப் புளித்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம்தான் வந்தது. செத்துப்போனவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். வந்தால் என்ன செய்ய?

காலையில்தான் பத்திரிகை ஆபீசிலிருந்து போன். "நீங்கதான அவங்களுக்கு ரொம்ப நெருக்கம். நல்லதா நாலு பக்கம் அஞ்சலி எழுதிக் குடுங்க" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது.

எழுத்தாளர், பாட்டுக்காரர் என்று ஊர் ஊராகத் தேடிப்போய்க் கேள்வி கேட்பது என் பிழைப்பு. அவர்கள் பேசுவார்கள், நான் கேசட்டைத் திருப்பிப் போடுவேன். 'நீ எப்படிம்மா இருக்க' என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள். கொடைக்கானலில் ஏரிக்கு மேலே உங்கள் வீட்டில், பேட்டி முடிந்து நான் டேப்பை நிறுத்தியதும், பிளம்ஸை நறுக்கிக்கொண்டே, "போதும்ப்பா என் புராணம். உன் மொகம் ஏன் இப்படி வாடிக் கெடக்கு?" என்றீர்கள்.

கொட்டிவிட்டேன். பிறந்த சில நாளிலேயே என் பெண் குழந்தை போனதை. மாதச் சம்பளம் இல்லாதவளுக்கு லீவு ஏது என்று, பச்சை உடம்போடு ஒரு நாதஸ்வர வித்வானைப் பேட்டி காணப் போனதை. அவர் வாசித்துக் காட்டும்போதே எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்ததை. நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல அடுத்த கேள்வி கேட்டதை. என் வீட்டுக்காரரிடம்கூட அதைச் சொன்னதில்லை. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அந்த அழுகை பொய் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு எரிகிறது.

அடுத்த வருஷம் உங்கள் கதை வந்தது. ஒரு டீச்சர், பாடம் நடத்தும்போது பால் சுரக்க, நோட்டை மார்போடு சேர்த்துப் பிடிக்கிறாள். அந்த இடத்தைச் சொல்லிச் சொல்லிக் கொண்டாடினார்கள். வீட்டுக்காரர் படித்துவிட்டு, "இந்தம்மா எப்பிடி எழுதிருக்காங்க பாரு" என்று என்னிடமே நீட்டினார். நானும் வாங்கிப் படித்தேன்.

கதைக்கு விருது கிடைத்தபோது உங்களைப் பேட்டி காண அனுப்பியதும் என்னைத்தான். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று பார்க்கவேண்டும்போல இருந்தது. மன்னிப்பெல்லாம் வேண்டாம், 'உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்ப்பா' என்றால் போதும் என்று மலை ஏறும்வரை பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். டேப்பை ஓடவிட்டுக் கேட்டேன். "இந்தக் கதை எங்கேருந்துக்கா வந்துச்சு?"

என் கண்ணைப் பார்த்தே சொன்னீர்கள். "எங்கேருந்தும் இல்லப்பா. ஒரு நாள் செம மிஸ்ட். ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தேன். தானா வந்துச்சு."

ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக் கொடுத்தேன். என் பெயரோடு அச்சில் வந்தது. அப்புறம் நீங்கள் போன் செய்தபோதெல்லாம் "சோலி ஜாஸ்திக்கா" என்று வைத்துவிட்டேன்.

எல்லாம் கொட்டிய அன்றைக்கு உங்களிடம் ஒன்றே ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். நீங்களும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தச் சில நாளும் அவளை ஒரு பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். உங்கள் கதையில் அவள் வெறும் குழந்தை. அந்தப் பெயர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அக்கா. இதிலும் அதை எழுதமாட்டேன்.