மாடிக்கு ஓர் அழைப்பு

மார்ச் 4, செவ்வாய்

நெடிய ஆலோசனைக்குப் பின், ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்குவதென்று இன்று தீர்மானிக்கப்பட்டது. நீலமா, வெள்ளையா என்பதில் எனக்குள் இரு தரப்பும் கடுமையாக வாதாடின, வெள்ளை வென்றது. மாடியில் தனியாக இருக்கும் அக்காவின் குளியலறைக்கு. போன வாரம் அங்கே விழுந்தாள். என் தலைக்கு மேலே கூரை அதிர்ந்தது. ஓடிப்போய்க் கேட்டால், "விழலடா. உட்கார்ந்தேன். கொஞ்சம் வேகமா உட்கார்ந்துட்டேன்" என்றாள்.

மார்ச் 5, புதன்

முக்காலியைக் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கி, அதன்மேல் பூந்தொட்டியை வைத்தாள்.

மார்ச் 7, வெள்ளி

அவள் குளிக்கிற தண்ணீர் என் சமையலறைச் சுவரை ஒட்டிய குழாய் வழியாகத்தான் இறங்கும். விழுந்த நாளிலிருந்து காலையில் அந்தச் சத்தம் இல்லை. பவுடர் வாசனை மட்டும் கூடியிருக்கிறது.

இதை எப்படிக் கேட்பது? சின்ன வயதில் என்னைக் காதைப் பிடித்து இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டவள் அவள். கண் எரிகிறதென்று கத்தினால், "கண்ணை மூடு. அப்படியே வாயையும் மூடு" என்பாள். முதுகைத் தேய்க்கும்போது மட்டும் கை மெதுவாகப் போகும்.

மார்ச் 9, ஞாயிறு

கேட்டேன். "அக்கா, குளிக்க உதவிக்கு ஆள் வச்சுக்கலாமா?"

"ஏன், நாறுதா?"

"அதில்லை..."

"அப்ப உன் மூக்கைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்."

இறங்கி வந்துவிட்டேன். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே நூலகத்தில் உத்தியோக காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தவனுக்கு இதற்குமேல் வாதாட வராது.

ஆனால் அவள் விழுந்த அன்று வந்து பார்த்த டாக்டர் சொன்னது? இன்னொரு தடவை விழுந்தா இடுப்பு போயிடும், அப்புறம் படுக்கைதான்னாரே. விழுந்தா எனக்குத் தெரியும். கூரை சொல்லும். சொல்லி என்ன பிரயோஜனம்?

மார்ச் 10, திங்கள்

அக்கா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தாள். நான் வெளியூர்க் கல்லூரியில் படித்தபோது வார்டன் அறைக்கு அழைப்பு வரும். அந்தக் கறுப்பு ரிசீவரின் கனம் இன்னும் கையில் இருக்கிறது. அதில் ஒட்டியிருந்த வார்டனின் தலையெண்ணெய் வாசனையும். "இணைப்பில் இருங்கள்" என்று அலுவல் குரலில் தொடங்குவாள். பிறகு அம்மாவின் நெஞ்சுவலி, தன் கல்யாணப் பேச்சு முறிந்தது என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்வாள். விடுமுறைக்குப் போய் நேரில் கேட்டால், "எதைடா சொல்றே?" என்பாள்.

எதிரில் ஆள் இருந்தால் அவளுக்குக் கிண்டல்தான் வரும். கம்பி வழியாகத்தான் உண்மை வரும். செல்பேசியும் ஆகாது, அதில் குரல் தகரம் மாதிரி இருக்கிறதாம். அதனால் மாடியில் இன்னும் பழைய கம்பித் தொலைபேசிதான்.

மார்ச் 11, செவ்வாய்

கீழிருந்து மாடிக்கு ஃபோன் செய்தேன். நெடுந்தூர அழைப்பாகவே கருதிச் செய்தேன்.

"வணக்கம். யார் பேசறது?" அதே அலுவல் குரல்!

"கீழ்வீடு. மேல்வீட்டுல என்ன உதவி தேவைப்படுதுன்னு தெரிஞ்சுக்கணும்."

"இணைப்பில் இருங்கள்" என்றாள். பிறகு சொன்னாள்.

"முதுகுக்குக் கை எட்டலை. ஈரத்தரையில கால் வைக்கப் பயமா இருக்கு. தாழ்ப்பாள் போட்டா பயம், போடலைன்னா வெட்கம். துணியை நனைச்சுத் துடைச்சுக்கறேன்."

"ஆள் வைக்கலாமா?"

"முன்பின் தெரியாதவ முன்னாடி எப்படிடா நிக்கறது?" அலுவல் குரல் அங்கே உடைந்துவிட்டது.

"நிக்க வேணாம்க்கா. துண்டைப் போர்த்திக்கிட்டு உட்காரலாமாம். விசாரிச்சிட்டேன். நீ சொன்ன பிறகுதான் கை வைப்பாங்க."

"ரொம்பப் பேசுவாங்களா?"

"வாயே திறக்க மாட்டாங்களாம்."

"அப்ப வேணாம். பேசற ஆளாப் பாரு."

"மாடி வேணாம்க்கா. கீழ வந்துடேன்."

"யோசிச்சுச் சொல்றேன். வேற தகவல் வேணுமா?"

"இல்லை."

"நன்றி."

சாயங்காலம் மேலே போனேன். "என்னடா, மூஞ்சி வீங்கியிருக்கு? அழுதியா, தூங்கினியா?" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

அவளே அழைத்தாள். வருகிறாளாம். சன்னல் பக்கத்து அறையை நான் காலி செய்ய வேண்டும். செய்தேன்.

மார்ச் 22, சனி

உதவிக்கு வரும் பெண் வாய் ஓயாதவள். குளியலறையிலிருந்து இருவர் சிரிப்பும் கேட்டது. தண்ணீர்ச் சத்தமும். கொஞ்ச நேரம் சமையலறையில் சும்மா நின்றேன்.

ஏப்ரல் 2, புதன்

காலையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். "இடம் பழகிடுச்சாக்கா?" என்றேன்.

"உன் குறட்டைதான் பழகலை." பேப்பரைப் பிரித்துக்கொண்டாள்.

மாடிக்குக் குடிவருகிறவர் வந்து பார்த்தார். தொலைபேசி வேண்டாம் என்றார். பிற்பகல் ஒருவர் வந்து இணைப்பைத் துண்டித்து, கம்பியைச் சுருட்டி எடுத்துப்போனார்.