எள் தின்ற ஜிலேபி மீன்கள்

இன்று காலை கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தைக் காலி செய்துகொண்டிருந்தோம். அலமாரியின் அடித்தட்டிலிருந்து உதவியாளர் ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து நீட்டினார். "சார், இத தூக்கிப் போட்றலாமா? லேபிள்ல அமாவாசைன்னு மட்டும்தான் எழுதிக்கீது." மூடியைத் திறந்ததும் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. உள்ளே ஒரு ஜிலேபி மீனின் வயிற்றிலிருந்து எடுத்தவை: கொஞ்சம் வண்டல், நாலைந்து சோற்றுப் பருக்கை, கறுப்பு மாறாத எள். லேபிளாக ஒட்டியிருந்தது மீனோடு நீ தந்த சீட்டு, உன் கோணல் எழுத்து. மற்ற குப்பிகளையெல்லாம் எப்போதோ எறிந்தவன், இதை மட்டும் வைத்திருந்தேன். உன் நினைவாக அல்ல. உனக்கு எதிரான சாட்சியாக. பிறகு அடித்தட்டில் மறந்தும் போனேன்.

பள்ளிக்கூடத்திலேயே எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர் வைத்தவன் நீ. நீ தரும் கடலைமிட்டாயைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாயில் போடுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்தபோது நம் ஆறு ஆறாக இல்லை. லாரிகள் மணலை அள்ளிப் போனபின் நீளநீளமான குழிகள்தான் மிச்சம். கோடையிலும் அவற்றில் தண்ணீர் நின்றது. சாயத்தண்ணீர் கலந்து சில நாள் ரோஜா நிறம், சில நாள் பச்சை. கெண்டையும் அயிரையும் அருகிப் போக, வெளியிலிருந்து வந்த ஜிலேபி மட்டும் கொழுத்தது. அது எதைத் தின்று கொழுக்கிறது? நம் மீன்களின் முட்டையைத்தான் என்று எனக்குச் சந்தேகம். நிரூபிக்க மாதாமாதம் மீன் வேண்டும். எனக்கு வலை வீசத் தெரியாது, உனக்குத் தெரியும். பட்டுத் தறியை விட்டு நீ எழுந்திருக்கும் நாள் அமாவாசை ஒன்றுதான். அன்று தறி ஓடாது. "வர்ற அமாவாசைக்குக் கொண்டாறேன்டா, பேஜார் பண்ணாத" என்றாய்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். இரை போட்டுப் பிடிக்கக் கூடாது. போட்டால் மீன் வயிற்றில் நான் காண்பது ஆற்றின் உணவாக இருக்காது, உன் கைச்சரக்காகத்தான் இருக்கும்.

முதல் அமாவாசை, பத்து மீன். அறுத்துப் பார்த்தால் எள். அடுத்த மாதம் எள்ளோடு வெந்த சோறு. மூன்றாவது மாதமும் அதுவே. மீன் முட்டை ஒன்றுகூட இல்லை. வெந்த சோறு ஆற்றில் எங்கே விளைகிறது? நேரே உன் வீட்டுக்கு வந்து கேட்டேன். தறியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாய்: "வலைய வீசினேன், வந்துச்சி, அவ்ளோதான்." என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

நான்காம் அமாவாசை விடிந்ததும் உனக்கு முன்னால் போய் வேலிகாத்தான் புதருக்குள் உட்கார்ந்துகொண்டேன். குழி வளைந்து போகிற இடத்துக்கு அந்தப் பக்கமிருந்து நீ வந்தாய். சட்டையில்லை, வேட்டி நனைந்திருந்தது. வலை வீசினாய், ஜிலேபி துள்ளியது. முள் குத்தி நான் அசைந்ததும் திரும்பினாய்.

"இன்னாடா, என்னை வேவு பாக்க வந்தியா?"

"அந்தப் பக்கம் இன்னா பண்ணிட்டு வர்றே? இரை போட்டுட்டுதானே?"

வலையைக் கரைக்கு இழுத்தாய். "நம்புனா நம்பு, நம்பாட்டி போ." பிடித்த மீன்களைக் குழியிலேயே கொட்டிவிட்டு நடந்தாய்.

ஆய்வேட்டில் ஒரு வரி எழுதினேன்: 'நம்பத்தகாத முறையில் பிடிக்கப்பட்ட மாதிரிகள் நீக்கப்பட்டன.' வேறொருவர் பிடித்துத் தந்த மீன்களை வைத்து முடித்தேன். அவற்றின் வயிற்றில் பாசி, வண்டல், சாயம் ஏறிய பட்டு நூல் துணுக்கு என்று என்னென்னவோ இருந்தன. முட்டை சொற்பம்தான். பட்டம் வந்தது. அதன்பின் பத்து வருடம் கடைத்தெருவில் உன்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனேன்.

நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனது. வருடம் திரும்பியபின் வந்த ஆடி அமாவாசைக்கு உன் தம்பி என்னைக் கூப்பிட்டான். அதே குழி. வளைவுக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் ஈரவேட்டியோடு திதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பா உயிரோடு இருக்கிறார், அமாவாசையில் எனக்கு அங்கே என்ன வேலை? அதுவரை நான் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. தம்பி எள்ளையும் சோற்று உருண்டையையும் நீரில் விட்டான். ஜிலேபிகள் கூட்டமாக மேலே வந்தன. இங்கே எப்போதும் இப்படித்தானா என்று அவனைக் கேட்டேன்.

"எங்கப்பாவுக்கு அண்ணன் மாசாமாசம் இங்கதாங்க வுடுவாரு. வுட்டுட்டுதான் உங்களுக்கு வலை போடுவாரு. அமாவாசைல மீன் தொடறது எங்க வூட்ல ஆவவே ஆவாது. அம்மா அன்னிக்கு முழுக்க அவர் கூடப் பேச மாட்டாங்க."

"எங்கிட்ட ஏம்பா சொல்லல?"

"நானும் கேட்டங்க. 'சொன்னா அவன் அறுக்க மாட்டான்டா, படிப்பு நின்னுடும்'னாரு."

நான் தேடிய விடையே அதுதானடா. கெட்டுப்போன ஆற்றில் அந்த மீன் நாம் விடுவதைத் தின்று பிழைக்கிறது. விடையை மாதாமாதம் என் மேசையில் கொண்டுவந்து வைத்தாய். நான் உன் முகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். நூலகத்தில் அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. நினைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

என் குணம் ஒன்றும் மாறிவிடவில்லை. மீன்காரம்மா செவுளைத் தூக்கிக் காட்டினாலும் விரலால் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறேன். ஆனால் யாராவது கண்ணைப் பார்க்காமல் பேசினால், எனக்காக எதை மறைக்கிறாரோ என்றும் இப்போது சந்தேகம் வருகிறது.

உதவியாளர் இன்னும் பதிலுக்கு நின்றுகொண்டிருந்தார். குப்பியை வாங்கிக்கொண்டேன். நெடி போகும்வரை பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றி அலச வேண்டும். வருகிற அமாவாசைக்கு உன் தம்பியோடு போய் அந்த வளைவில் விட்டுவிடுகிறேன். உன் அப்பாவுக்கு நீ வைத்த சோற்றை இத்தனை வருடம் நான்தான் மறித்து வைத்திருந்தேன்.