கடைசி ஓட்டை

மே 3

மாம்பழம் வாங்கியதில் ஆரம்பித்தது. சேலம் ட்ரிப் முடிந்து வரும்போது மல்கோவா ஒரு பை, ரேஷன் அரிசி ஒரு பை. கை கடுத்தது என்று இரண்டையும் மதியின் சக்கர நாற்காலிப் பிடியில் மாட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதில்தான் பையை மாட்டுகிறார்கள், சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி. அவள் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு நகர்ந்தாள். அவள் எடை போனதும் நாற்காலி அப்படியே மல்லாந்தது.

அவள் அதில் இல்லை. ஆனால் பிடி மோதிய இடத்தில் சிமெண்ட் பெயர்ந்திருக்கிறது. உட்கார்ந்திருந்தால் அவள் தலையும் அங்கேதான் மோதியிருக்கும்.

"பழம் நசுங்கிருச்சா பாருங்க" என்றாள் மதி, என் பெண்டாட்டி. சிரிப்பு வேறு.

மே 4

பிசியோதெரபிஸ்ட் சகாயமேரிக்குப் போன் செய்தேன். "பின்னாடி சாயாம இருக்க குட்டிச் சக்கரம் ரெண்டு குடுத்திருந்தாங்களேண்ணா, மாட்டலையா?" அட்டைப் பெட்டியிலேயே கிடந்தன. அடப்பாவி, இதில் நான் பஸ் டிரைவராம்!

மாட்டிவிட்டேன். குழாயில் வரிசையாக ஓட்டைகள். பட்டனை அமுக்கி ஏற்றி இறக்கலாம். சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விடச் சொன்னாள். எதற்கு விட வேண்டும்? விழுகிறவளுக்கு அந்த இரண்டு விரல் போதாதா? கடைசி ஓட்டைக்கு இறக்கினேன். இப்போது எவ்வளவு உலுக்கினாலும் பின்னால் சாயவில்லை.

மே 6

முன்சக்கரத்தைத் தூக்கினால்தான் நிலைப்படியைத் தாண்டலாம். பின்னால் சாய்த்தால்தான் முன்னால் தூக்கும். இப்போது சாயாது. தாண்டவும் முடியாது.

"போன வாரம் தாண்டுச்சே" என்றாள் மதி.

"குட்டிச் சக்கரம் போட்டா அப்படித்தான். கம்பெனி அமைப்பு."

பொய். வாய் கூசவில்லை. எட்டிப் பார்க்க அவளால் முடியாது, அது அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

மே 9

மதி வெளியே போகவில்லை. நிம்மதியாக டியூட்டி பார்த்தேன்.

மே 13

தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஒரு லாரி தடுப்பில் ஏறி நின்றது. டிரைவர் பிழைத்துக்கொண்டான். எத்தனையோ வருஷமாக அதே இறக்கத்தில் பஸ்ஸை இறக்குகிறேன், கை நடுங்கியதில்லை. இன்று வீட்டுக்கு வந்ததும் நாற்காலி பிரேக்கைத்தான் முதலில் பார்த்தேன். டயரில் காற்று குறைந்தால் பிரேக் கட்டை டயரைப் பிடிக்காதாம். காற்று அடித்தேன். சாப்பிட்டுவிட்டு மறுபடி அமுக்கிப் பார்த்தேன்.

"டயரு வெடிச்சிரப் போவுது" என்றாள்.

முதுகுத்தண்டில் கட்டி எடுத்த பிறகு கால் வரவில்லை. அதற்கு அவளே இவ்வளவு பயப்படவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கே வேலையில் சேர வேண்டும் என்கிறாள். மூன்றாம் வகுப்பு டீச்சர். அங்கே சரிவுப் பாதை இருக்கிறது. அதை ஒருநாள் போய்ப் பார்த்தேன். செங்குத்து இல்லைதான். ஆனாலும் மூன்று முறை ஏறி இறங்கிப் பார்த்தேன்.

மே 17

இடுப்பு பெல்ட்டை இன்னும் ஒரு இழுப்பு இழுத்தேன்.

"மூச்சு முட்டுது. வண்டிமாட்டுக்குக் கூட இப்படிப் பூட்ட மாட்டாங்க."

தளர்த்தினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி இறுக்கலாமா என்று யோசித்தேன். என்ன மனுஷன் நான்?

மே 19

வியாழக்கிழமை சகாயமேரி வருகிறாள். வந்தால் பின்னால் குனிந்து பார்ப்பாள். அதற்குள் மேலே ஏற்றி வைத்துவிடலாம். பட்டனில் கை வைத்தேன். பெயர்ந்த சிமெண்ட் கண்ணில் பட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

மே 22

குனிந்து பார்த்தாள்.

"யாருங்க இத கடைசி ஓட்டைக்கு எறக்குனது? தரையில உரசுது. சின்னக் கல்லு தட்டினாலும் வண்டி நிக்குமே."

மதி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"தானா எறங்கியிருக்கும் சிஸ்டர்" என்றாள் மதி.

தானாக இறங்காது. மூன்று பேருக்கும் தெரியும்.

மே 23

திட்டுவாள் என்று காத்திருந்தேன். இன்று காலையில் காபி கொடுக்கும்போதுதான் கேட்டாள்.

"பஸ்ஸுல அத்தன பேரு உசுர கையில வெச்சிருக்கீங்க. சீட்டோட கட்டியா ஓட்டுறீங்க?"

"நீ வுழுந்துட்டா, மதி?"

"வுழுந்தா தூக்குங்க. வுழாம இருக்க வூட்டுக்குள்ளயே வெச்சிருந்தா, நான் என்னத்துக்குப் பொழச்சேன்?"

எனக்கு எதுதான் பயம்? அவள் விழுவதா, நான் பக்கத்தில் இல்லாதபோது விழுவதா? இரண்டாவதுதான். அவள் விழும்போது நான் தொப்பூரில் கியர் மாற்றிக்கொண்டிருப்பேன்.

மே 25

லீவு போட்டேன். மதி சொல்லச் சொல்லச் செய்தேன். பெல்ட் சரி. பட்டனை அமுக்கி, குட்டிச் சக்கரத்தை மேல்பக்கமாகத் திருப்பு. பின்கம்பியில் கால் வைத்து, பிடியை அழுத்து. சாய்.

சாய்க்கும்போது அவள் தலை என் நெஞ்சில் வந்து இடித்தது. என் கை வெடவெட என்று ஆடியது, நாற்காலியே ஆடியது. "என்னங்க, மேளமா அடிக்கிறீங்க?" என்றாள். அவள் பிடி மட்டும் சக்கர வளையத்தில் கெட்டியாக இருந்தது.

நிலைப்படியைத் தாண்டியதும் குட்டிச் சக்கரத்தைக் கீழே திருப்பி, இரண்டு விரல் வைத்துப் பார்த்தேன். தெருச் சரிவில் இறங்கும்போது மட்டும் நான் கீழ்ப்பக்கம் நின்று, அவளைப் பின்புறமாக இறக்கினேன். சட்டை முழுக்க வியர்வை.

மே 29

அதே பயிற்சி. கை ஆடுவது குறையவில்லை. செய்வது மட்டும் பழகிவிட்டது.

ஜூன் 2

காலையில் பள்ளிக்கூடத்தில் விட்டேன். ஹெச்.எம். வெங்கடாசலம் சாருக்குக் குட்டிச் சக்கரத்தை எப்படித் திருப்புவது என்று மதியே காட்டினாள், நான் காட்டவில்லை. "பையை மட்டும் பின்னாடி மாட்டாதீங்க சார்" என்று சொன்னது மட்டும் நான். கொஞ்சம் நின்றேன். "நீங்க கெளம்புங்க, புள்ளைங்க வேடிக்க பாக்குதுங்க" என்றாள்.

கிளம்பினேன். சேலம் ஸ்டாண்டில் போனை எடுத்தேன், வைத்தேன். திரும்பவும் எடுத்தேன், வைத்தேன். அவளை நம்பு, நம்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். கடைசி வரை கூப்பிடவே இல்லை.

சாயங்காலம் மதி ஆட்டோவில் வந்து இறங்கினாள். முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். எனக்கு உயிர் போய்விட்டது.

"என்ன மதி? வுழுந்திட்டியா?"

"மொத நாளு வேலைக்குப் போயிருக்கேன். எப்படிப் போச்சுன்னு ஒரு போனு பண்ணி கேக்க மனசு வரலையா உங்களுக்கு?"

இவளிடம் என்னத்தைச் சொல்வது! சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டேன்.