ஆப் செய்ய யோசனை கேட்டிருந்தாயே

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் இங்கே ஏதோ உடம்பைத் தள்ளிக்கொண்டு நடமாடுகிறோம், நீயாவது அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும்.

வேலையை விட்டாயிற்று, இனிச் சொந்தமாகச் சின்னச் சின்ன ஆப் செய்யப்போகிறேன், நீங்கள்தான் மின்சார மீட்டர் பார்க்க வீடு வீடாகப் போகிறீர்களே, ஜனங்களுக்கு அன்றாடம் என்ன இடைஞ்சல் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றாய். படியேறி முழங்கால் விட்டுப்போன நிலையிலும் கேட்டேன். பாதிப் பேர், மீட்டரைப் பாத்துட்டுக் கெளம்புங்க சார் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு அம்மா, மொட்டை மாடியில் துணிக்கொடி காலியா இல்லையா என்று கீழேயிருந்தே தெரிந்தால் போதும், ஈரத்துணி வாளியோடு சும்மா ஏறி இறங்குகிறேன் என்றார். இன்னொரு வீட்டில் மாத்திரை போட்டோமா இல்லையா என்று புருஷன் பெண்டாட்டிக்குள் தினமும் சண்டை. ஒரு வாத்தியார், கூப்பிட்டால் என் மூக்குக்கண்ணாடி பதில் சொல்ல வேண்டும் என்றார், கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருந்தது, எனக்கிருந்த அலுப்பில் மீட்டரைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். இதில் ஏதாவது உனக்கு ஆகுமா பார்.

நம் வீட்டு இடைஞ்சலை மட்டும் உனக்கு இதுவரை சொல்லவில்லை, அம்மா என் வாயைக் கட்டிவைத்திருந்தாள். போன மாதம் ஒருநாள் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டுகிறேன், தட்டிக்கொண்டே இருக்கிறேன், திறக்கவில்லை. அவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றே நினைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளைப் பெயர்த்து உள்ளே போனால், அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறாள். நல்லா இருந்த கதவை ஏன் ஒடச்சீங்க என்று என்னைத்தான் திட்டினாள். தச்சர் போன பிறகு, தைத்துக்கொண்டிருந்த துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச காலமாகவே அவளுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. டாக்டர் கொடுத்த கருவியைப் போட்டால் தலைக்குள் தகர டப்பாவை உருட்டுவது போல் இருக்கிறதாம், கழற்றி வைத்துவிட்டாள். நீ பேசும்போது ம்ம் ம்ம் என்றுவிட்டுப் போனை என் கையில் திணிப்பதும் இதனால்தான். விஷயம் தெரிந்தால் அங்கே எல்லாவற்றையும் போட்டுவிட்டு நீ ஓடிவந்துவிடுவாய் என்று அவளுக்குப் பயம்.

முந்தாநாள் போன் ரிப்பேர் கடைக்காரர், பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் ஆப் ஒன்றை அவள் போனில் போட்டுக்கொடுத்தார். நம் வீட்டுப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. பால் பொங்குது என்றால் பல் பிடுங்குது என்று எழுதுகிறது. அம்மாகூடச் சிரித்துவிட்டாள், அவள் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. உன் குரலாவது அதற்குப் புரிகிறதா பார்ப்போம் என்று நீ எனக்கு அனுப்பியிருந்த குரல் பதிவு ஒன்றை என் போனிலிருந்து ஓடவிட்டேன், அதில் என்ன இருந்தது என்ற நினைவே இல்லாமல். பாதி உளறலுக்கு நடுவே ஒரு வரி மட்டும் சுத்தமாக வந்து நின்றது. நான் வேலைய விட்டதுல அம்மாவுக்கு என் மேல கோபமாப்பா, பேசவே மாட்டேங்கிறாங்க. அம்மா அதை வாசித்தாள், மறுபடியும் வாசித்தாள், பிறகு என்னிடம், எனக்குக் கோபமெல்லாம் ஒண்ணுமில்ல, காதுதான் கேக்கலன்னு எழுதிடுங்க என்றாள். எழுதிவிட்டேன்.

துணிக்கொடியும் மூக்குக்கண்ணாடியும் இருக்கட்டும், முடியுமானால் நம் பேச்சுப் புரிகிற மாதிரி, எழுத்துப் பெரிதாகத் தெரிகிற மாதிரி அம்மாவுக்கு ஒன்று செய்து பார். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. ஓடிவரவும் வேண்டாம். எடுத்த காரியம் உனக்கு நல்லபடி கைகூட எங்கள் இருவருடைய ஆசியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வீடியோவில் கூப்பிடு, வெளிச்சத்தில் உட்கார்ந்து, உதடு தெரிய நிதானமாகப் பேசு. இந்த முறை போனை அவளே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா